எந்த வருஷத்து டாக்டர்?

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவர் கேட்டார். "இன்னிக்குப் பெரிய டாக்டர் இல்லையாம்மா?"

"லீவு சார். சின்ன டாக்டர் பார்ப்பாங்க. பல் எடுத்ததே தெரியாது" என்றாள் நர்ஸ்.

"வேண்டாம்மா. நாளைக்கு வரேன்."

"இந்தக் கன்னத்தோடயா? நாளைக்குத் தலையணை வேணாம் சார், இதுவே போதும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கேள்வித்தாள் வெளியான வருஷம்தானே இவங்க சீட் வாங்கினது?"

நர்ஸின் முகம் சுருங்கியது. "தினம் நாலு பேர் இதையே கேக்கறாங்க. யாரோ செஞ்ச தப்புக்கு இவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. சின்ன டாக்டர் கையுறையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"ஊர்ல இருக்கறவங்க கேட்டாப் பொறுத்துக்கறேன். நீங்களுமாப்பா?"

நர்ஸ் மெல்ல நகர்ந்துகொண்டாள்.

"பரீட்சைக்கு முதல் நாள் அந்தத் தாளை உன் கையில கொடுத்ததே நான்தானேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"கொடுத்தீங்க. நான் அந்தக் கவரைப் பிரிக்கவே இல்ல. பிரிச்சியான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் அந்த சீட்டைத் தான் வாங்கிக் கொடுத்ததாகவே அவர் நினைத்திருந்தார்.