உறவுமுறைச் சான்று

"அந்த ரெண்டாவது பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படி. தலையும் புரியல, வாலும் புரியல" என்றார் கடிகாரக்காரர்.

அவருடைய சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அவள், கசங்கிப்போன கடிதத்தை ஐந்தாவது முறையாகப் பிரித்தாள்.

"மாற்றுத்திறனாளிகள் துணையாளர் திட்டம் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. துணையாளருடனான உறவுமுறையைத் தகுந்த சான்றுடன் நேரில் தெளிவுபடுத்தவும். தவறினால் உதவி நிறுத்தப்படும். அவ்வளவுதாங்க இருக்கு."

"அப்போ நாம புரிஞ்சுக்கிட்டது சரிதானே?"

"சரியாத்தான் இருக்கணும்" என்றவள் கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனிதர் அவர். காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பதிலிருந்து, பழுது பார்க்கும் மேசையிலிருந்து உருண்டு விழும் பொடித் திருகுகளைத் தரையெல்லாம் தடவித் தேடி எடுத்துக் கொடுப்பது வரை எல்லாம் அவள்தான். அப்படிக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. எட்டு வருஷமாக ஒரு வில்லங்கமும் இல்லை. இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்துதான் இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று.

அலுவலகத்தில் அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் சுற்றறிக்கை ஒன்று கிடந்தது. வரிக்கு வரி பென்சிலால் அடித்து, அழித்து, மறுபடி அடித்திருந்தார்.

"துணையாளர் இவங்கதானே? உங்களுக்கு என்ன உறவு?"

"என்... சம்சாரம்" என்றார் கடிகாரக்காரர்.

"சான்று கொண்டுவந்திருக்கோம் சார்" என்று அவள் பையைத் திறக்கப் போனாள்.

"வேண்டாம்மா. சம்சாரம்னு அவரே சொல்லிட்டாரே, அதோட முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னா, தொடர்ந்து கிடைக்கும்னு அர்த்தமா சார்?"

"கிடைக்காதுன்னு அர்த்தம். பழைய விதிப்படி துணையாளர் வீட்டு ஆளாத்தான் இருக்கணும். புது விதிப்படி வீட்டு ஆளா இருக்கவே கூடாது. பயிற்சி எடுத்த வெளியாளை நாங்களே அனுப்புவோம்."

கடிகாரக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. நேற்று வரை இருந்தே ஆக வேண்டியது, இன்றைக்கு இருக்கவே கூடாது என்றால் மனுஷன் எதைத்தான் நம்புவது?

"உறவைத் தெளிவுபடுத்துன்னுதானே சார் கடிதத்துல இருக்கு. உறவு இருக்கக் கூடாதுன்னு எங்கே இருக்கு?"

"மூணாவது பக்கத்துல."

"எங்களுக்கு ரெண்டு பக்கம்தானே வந்துச்சு."

"எல்லாருக்கும் ரெண்டு பக்கம்தான் வந்துச்சு. மூணாவது பக்கம் இன்னும் அச்சாகி வரல" என்றார் அதிகாரி. பாவம், அவருக்கே அது வெட்கமாக இருந்தது. "எனக்கே நேத்து சாயங்காலம்தான் புரிஞ்சுது."

"அப்போ இவ?"

"அவங்க வேற வேலை ஏதாவது பார்த்துக்கலாம்."

வேறு வேலை என்றால் வேறு இடம். அவள் இல்லாத ஒரு காலையை நினைத்துப் பார்க்கவே கடிகாரக்காரருக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பொதுவாத்தான் சொல்றேன், உங்களைச் சந்தேகப்படல. சொந்தம்னு யாருமே இல்லாத நிறைய பேர், வேற வழியில்லாம யாரையாவது உறவுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்த மாசத்துக்குள்ள அதை ஒத்துக்கிட்டா நடவடிக்கை கிடையாது. வெளியாள்னு மாத்திப் பதிஞ்சு, பயிற்சியும் எடுத்துக்கிட்டா அதே ஆளையே வச்சுக்கலாம்."

கடிகாரக்காரர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். நாங்க புருஷன் பொண்டாட்டிதான். நீங்க அந்த வெளியாளையே அனுப்புங்க."

சொன்னதோடு நிற்காமல், படிவத்தை இழுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

சரிவுப் பாதையில் இறங்கி வாசல் கேட்டைத் தாண்டும் வரை அவர் பொறுத்துக்கொண்டார். பிறகு முடியவில்லை.

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? அந்த மனுஷன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் பக்கத்துத் தையல் கடைக்காரி, இவருக்கு ஒரு உறவும் இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எட்டு வருஷப் பொய்யும் தொலைஞ்சிருக்கும், நீயும் என்கூடவே இருந்திருக்கலாம்."

"எட்டு வருஷமா பொய்தான். போன வியாழக்கிழமையிலேர்ந்து பொய் இல்லையே."

நாற்காலியை நிழலில் நிறுத்தி, பையிலிருந்து அந்தச் சான்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பதிவுத் திருமணச் சான்று. இன்னும் ஒரு மடிப்புகூட விழவில்லை.

"அட, கேட்டா காட்டணுமேன்னு இந்தப் படிவத்துக்காகப் பண்ணிக்கிட்டதுதானே இது" என்றார் அவர் குழப்பத்தோடு. "இப்போதான் தேவையில்லைன்னு ஆயிடுச்சே. ரத்து பண்ணிட்டா, நீயே துணையாளரா இருக்கலாம்."

"வேணாம். அந்த ஆள் காலையில வரட்டும். நான் பழையபடி தையல் மெஷினைத் தூசி தட்டுறேன். சாயங்காலமானா நம்ம வீட்டுக்கு வந்துடுவேன்."

"எனக்கு ஒண்ணுமே புரியல."

அவள் சான்றை மடங்காமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள்.

"படிவத்துக்காகப் பண்ணிக்கிட்டது நீங்க மட்டும்தான்."