போட்டோ பெல்ட்

அவன் மரத்துக்கு முன்னால் விறைப்பாக நின்றான்.

தலையில் மஞ்சள் ஹெல்மெட். இடுப்பில் புது பாதுகாப்பு பெல்ட். அதன் கொக்கியில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத ஒச்சப்பா. லேசா சிரி," என்றார் சூப்பர்வைசர் பாலகுரு, போனை உயர்த்தியபடி.

எட்டு மணிக்குள் அந்தப் போட்டோ ஆபீஸ் குரூப்புக்குப் போயாக வேண்டும். பெரிய ஆபீசர் முதல் கிளை வெட்டும் மரமேறி ஒச்சப்பன் வரை எல்லோரும் அதில் உண்டு.

போட்டோ போனதும் புது பெல்ட் ஜீப்புக்குப் போய்விடும். அடுத்த தெருவில் இன்னொருவன் அதையே கட்டிக்கொண்டு சிரிப்பான்.

மரம் ஏறப் பழைய பெல்ட்தான். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். ஒருத்தனும் வாய் திறந்ததில்லை.

போன வியாழக்கிழமை இதே தூங்குமூஞ்சி மரத்தில்தான் சவரியப்பன் ஏறினான். ஒச்சப்பனுக்குப் பன்னிரண்டு வருடக் கூட்டாளி. இருபதடி உயரத்தில் சாய்ந்து நின்று கிளையை அறுத்துக்கொண்டிருந்தான். பழைய பெல்ட்டின் கொக்கி வாய் பிளந்தது.

கத்தக்கூட நேரமில்லை.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி மரம் ஏறவே முடியாது என்றுவிட்டார் டாக்டர்.

விசாரணைக்கு வந்தவரிடம் பாலகுரு அன்று காலை எடுத்த போட்டோவைக் காட்டினார். பளபளவென்று பெல்ட். பல் தெரியச் சவரியப்பன்.

"நல்ல பெல்ட்டுதான் சார் குடுத்தோம். அவனாக் கழட்டிட்டான்."

பக்கத்தில்தான் நின்றான் ஒச்சப்பன். சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் க்ளிக்கென்றது.

"கழட்டு, கழட்டு. அடுத்த டீம் காத்துக் கெடக்கு."

பாலகுரு இடது கையை நீட்டினார். வலது கையில் பழைய பெல்ட்.

அதே பெல்ட். பிளந்த கொக்கியை நெளித்து நேராக்கி, கட்டுக்கம்பி சுற்றிக் கொண்டுவந்திருந்தார் மனுஷன்.

ஒச்சப்பன் அந்தக் கம்பியைப் பார்த்தான்.

திரும்பி, ஏணியில் கால் வைத்தான்.

"டேய்! பெல்ட்டக் குடுத்துட்டு ஏறு! நாளைக்கு வேலைக்கு வர வேணாமா ஒனக்கு?"

ஏறினான்.

சவரியப்பன் பாதி அறுத்துவிட்டுப் போன கிளைவரை ஏறினான். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துத் துப்பினான். கொக்கியை மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

அசையவில்லை.

உறை சுழன்று சுழன்று பாலகுருவின் காலடியில் விழுந்தது. பால் வாங்க வந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

பாலகுருவும் பார்த்தார். பழைய பெல்ட்டைத் தூக்கி ஆட்டி, இறங்கு இறங்கு என்று கத்தினார்.

ஒச்சப்பன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தான். கட்டுக்கம்பி தெளிவாகத் தெரியும்வரை திரையில் பெரிதாக்கினான்.

"சார், லேசா சிரிங்க."

மணி எட்டாக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.