வீட்டுச் சம்மதம்

மண்டபத்தில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தவசிக்கனிக்குச் சரியாக நினைவில்லை. முந்நூறு என்று ஒரு நாள் தோன்றும். முப்பதுதான் என்று மறுநாள் தோன்றும். தன் வெட்கம் குறையட்டும் என்று மனம் ஆட்களைக் கூட்டிக்கொள்கிறதோ என்றும் சந்தேகம்.

வெள்ளிக் கோளின் மேகங்களிலிருந்து தரைக்கு இறங்குமுன் வீட்டில் ஒருவர் சம்மதம் தர வேண்டும் என்பது விதி. தங்கை இசக்கியம்மாள் அண்ணன் பெயரைத்தான் எழுதிக்கொடுத்திருந்தாள்.

ஊர் மண்டபத்துத் திரையில் அவள் முகம் வாடியிருந்தது. "அண்ணே, கலத்துச் சுவர்ல ஒரு கீறல் தெரியுது. தாங்கும்னு சொல்லுதாங்க. கீழ போனா ரெண்டு கல்லு கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு மனசு ஒப்பல. நீ என்ன சொல்லுத?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"ஏட்டி, இத்தனை தூரம் போயி வெறுங்கையோடயா வருவ? இறங்கு, பாத்துக்கிடலாம்!"

மண்டபம் சிரித்துக் கைதட்டியது.

அவன் சொல் அவளைச் சேர ஏழு நிமிடம். அவள் புறப்பட இன்னும் அரைமணி. மாற்றிச் சொல்ல அவகாசம் இருந்தது. ஒலிவாங்கியும் கையில்தான் இருந்தது. ஆனால் ஊர்த்தலைவர் அவனுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே" என்று பதில் வந்தது.

தரையைத் தொடுமுன்பே காற்றின் அழுத்தத்தில் கலம் நசுங்கி இசக்கியம்மாள் இறந்தாள். மறு ஆண்டு பயணங்களை நிறுத்திவிட்டார்கள். ஊர்த்தலைவர் ஒரு தெருவுக்கு அவள் பெயரை வைத்தார். தவசிக்கனி அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறான்.