நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

“லிஃப்ட் பக்கத்துல ஒண்ணு ஒட்டும்மா. நல்லா உயரத்துல. நிமிர்ந்தா அதுதான் தெரியணும்!”

பாதுகாப்பு மேலாளர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, வரவேற்பறைப் பெண் மேலே ஏறி ஒட்டினாள். கட்டடத்தில் இது இருபத்து மூன்றாவது நோட்டீஸ்.

‘எச்சரிக்கை! நம் விழிப்பைச் சோதிக்க இந்த வாரம் வெளியிலிருந்து ஒருவர் திருடனைப்போல் வருவார். ஏமாந்துவிடாதீர்கள்!’

“இவ்வளவு எதுக்கு சார்? நாம பட்டன் தானே செய்யறோம்?”

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறீங்க. ஒரு நாட்டுக்காரன் உட்கார்ந்த இடத்துலேருந்தே இன்னொரு நாட்டோட தேர்தலுக்குள்ள புகுந்துடறான். தலைவருங்க கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கறாங்க, பக்கத்து ரூம்ல ஒருத்தன் அவங்க போனை ஒட்டுக் கேக்கறான். காலம் கெட்டுக் கிடக்கும்மா!”

“அதுக்கு நம்ம பட்டன் என்ன சார் பண்ணுச்சு?”

“ராணுவச் சட்டைக்கும் பட்டன் வேணும்ல!”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினாள். அலுவலகத்தில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் போன வருஷம் தாழ்ப்பாளின் மானம் கப்பலேறிவிட்டது. சோதிக்க வந்தவன் காபி மெஷின் ரிப்பேர்காரனாக வந்து, நேரே முதலாளியம்மா அறைக்குப் போய், மேஜையிலிருந்த அவர் கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் ரிப்போர்ட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். மேலாளருடைய மச்சினன் அதைக் குடும்பத்தில் ஒரு விசேஷம் விடாமல் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, வேற வேலை பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். ஐம்பத்து நாலு வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? பத்து நாளாக மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். லிஃப்ட் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் தோள்பையோடு வெளியே வந்தார்.

“ஒரு நிமிஷம். அடையாள அட்டை எங்கே?” என்று மேலாளர் மறித்தார்.

“வீட்டுல மறந்துட்டேன் சார்.”

“எந்தப் பிரிவு?”

“கம்ப்யூட்டர்...”

“அங்கே மொத்தமே ஆறு பேர். ஆறு பேரையும் எனக்குத் தெரியும். பையைத் திறங்க!”

பைக்குள் நாலு லேப்டாப். ஒல்லி ஆளின் முகம் வெளுத்துப் போனது. வாசலைப் பார்த்தார். அங்கே வாட்ச்மேன் நின்றான். இந்தப் பக்கம் திரும்பினார். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் கண் போய் நின்றது. ஒரு மூச்சு இழுத்து விட்டவர், மெல்லச் சிரித்தபடி கையை நீட்டினார்.

“சபாஷ் சார்! இதுவரைக்கும் பதினோரு ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கேன். என்னைக் கையும் களவுமாப் பிடிச்ச முதல் ஆள் நீங்கதான்!”

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. சோதிக்க அனுப்பிய கம்பெனியின் கடிதம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். சபாஷ் காதில் விழுந்ததும் அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“உள்ளே எப்படி வந்தீங்க?” என்றுதான் கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துட்டு நின்னீங்களே, அப்போ பின்னாடியே போய்ப் படி ஏறிட்டேன். அதை விடுங்க, வெளியே போக முடியலையே, அதுதான் முக்கியம்!”

அவரை சோஃபாவில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். மாடிக்குப் போன் போட்டார். “அம்மா, பிடிச்சிட்டேன்! கையும் களவுமா!”

“அடடே, நிஜமாவா? மீட்டிங்ல இருக்கேன். முடிச்சிட்டுக் கீழே வரேன்” என்றார் முதலாளியம்மா.

ஒல்லி ஆள் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

“எனக்கு நேரமாச்சு சார். லேப்டாப்பை அத்தாட்சியா எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு ரிப்போர்ட்டோட வந்துடும்.”

“தெரியுமே, போன வருஷமும் அப்படித்தான். மார்க் எவ்வளவு போடுவீங்க?”

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

“ரெண்டு மார்க் எங்கே போச்சு?”

“அந்த நோட்டீஸுக்கு” என்று சுவரைக் காட்டினார். “அதை இன்னைக்கே எடுத்துடுங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மேலாளருக்குச் சுருக்கென்றது. நோட்டீஸ் அவருடைய சொந்த யோசனை. ஆனாலும் தொண்ணூற்றெட்டு போட்ட மனுஷனிடம் வாதாடவா முடியும்?

வாசலில் வாட்ச்மேன் பையை மறித்தான். “யாரைத் தடுக்கறே? விடுப்பா!” என்று மேலாளரே கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். பையைத் தானே வாங்கிச் சுமந்துபோய்க் காரில் வைத்து, தெருமுனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு வந்தார்.

உடனே வீட்டுக்குப் போன். “உன் தம்பிகிட்ட சொல்லு. இந்த வருஷம் தொண்ணூத்தெட்டு!”

“நிஜமாவாங்க? சாயங்காலம் அவனை வரச் சொல்றேன், நீங்களே உங்க வாயால சொல்லுங்க!”

வரவேற்பறைப் பெண் நோட்டீஸைக் கிழிக்க ஸ்டூலில் ஏறினாள். அதற்குள் மேஜைப் போன் அடித்தது. மேலாளர் உற்சாகமாக எடுத்தார்.

“சார், உங்க பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் அனுப்பற கம்பெனியிலேருந்து பேசறோம். மன்னிச்சுக்குங்க, எங்க ஆள் மூணு நாளா காய்ச்சல்ல படுத்திருக்காரு. இந்த வாரம் யாரும் வரமாட்டாங்க. அடுத்த வாரம்தான்.”

லிஃப்ட் கதவு திறந்தது. “எங்கே அந்த ஆள்? நானும் பார்க்கணும்!” என்று முதலாளியம்மா வாயெல்லாம் சிரிப்பாக வந்துகொண்டிருந்தார். மேலாளரோ ‘திருடனைப்போல் வருவார்’ என்று சுவரில் பாதி கிழிந்து தொங்கிய தன் சொந்த வாசகத்தைப் பார்த்தபடி, ரிசீவரை வைக்கவும் மறந்து நின்றார்.