மூடி திறக்கும் முகம்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஏரிக்கரை வீட்டின் சமையலறையில் பனி வெளிச்சம் வெள்ளையாகக் கிடக்கிறது. ஆர்லன் தன் மனைவி மார்லிஸின் வலி மாத்திரைப் புட்டியை அமுக்கித் திருகுகிறான். குழந்தைகள் திறந்துவிடாதபடி செய்த மூடி அது. பல்லைக் கடித்தால்தான் அசையும். பல வருட முதுகுவலி அவளுக்கு. வலி கூடும் நாளில் யார் முகம் சுருங்கினாலும் தன்னால்தான் என்று அவளுக்குப் படும். நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்கிறாள்: “என்ன மூஞ்சி அது? நான் உனக்கு அலுத்துப்போயிட்டேனா?” “மூடியத் திறக்கிறேன்டி.” “ஒரு மூடி மேலயா இவ்ளோ கோவம்?” அவன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே திருகுகிறான். “ஐயோ, சிரிக்காத கிழவா, அதுக்கு அந்த மூஞ்சியே தேவல!” இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரிக்கிறாள். அன்று மதியம், தூக்கத்திலேயே அவள் இதயம் நின்றுவிடுகிறது.

இப்போது குளிர்காலம் முடிந்து ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. ஆர்லன் வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திருகுகிறான். முகம் கோணுகிறது. மூடி திறந்த பிறகும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் இன்னொரு முறை தப்பாகப் புரிந்துகொண்டு கேட்கவேண்டும். கேட்டால், “ஒருநாளும் இல்லடி” என்று சொல்ல வாய் தயாராக இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகுகிறது. அவன் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று அன்று அவள் திருப்பிப் போட்ட நாற்காலி, திருப்பிப் போட்டபடியே இருக்கிறது.