கூடத்தில் ஒரு நீலத் தொட்டி

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருக்கிறது. கூடத்தின் நடுவே, தண்ணீர் நிரப்பி அதற்குள்ளேயே பிரசவம் பார்க்கவென்று வாங்கி வந்த நீல ரப்பர் தொட்டிக்குக் கணவன் பம்ப்பை மிதித்து மிதித்துக் காற்றேற்றுகிறான். புஸ், புஸ் என்று அது உப்ப உப்ப, நிறைமாத வயிற்றோடு நாற்காலியில் இருப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கைக்குள் கசங்குகிறது. “வீட்ல பெத்துக்கறதுதான் இயற்கை. எத்தனை வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா?” என்கிறான். “போன மாசம் ஒரு கடவாப்பல்லுக்கு, மரத்துப்போற ஊசி போடுங்கன்னு பல் டாக்டர் கையப் பிடிச்சிட்டு அழுதீங்களே, அப்ப எங்க போச்சு இந்த இயற்கை?” அவள் கேட்கிறாள்.

அவன் காதுமடல் சிவக்கிறது. மிதிப்பதை நிறுத்தாமல், சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருக்கும் தன் அம்மாவைத் துணைக்கு இழுக்கிறான். “அம்மா என்னையும் தம்பியையும், ரெண்டு பேரையும் வீட்லதானே பெத்தாங்க. என்ன ஆயிடுச்சு?” மாமியார் மடித்த துணிகளை மருமகளின் பையில் திணித்து, ஜிப்பை வெடுக்கென்று இழுக்கிறாள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். “ரெண்டு இல்லடா,” என்கிறாள், மகன் முகத்தைப் பார்க்காமல். “நாலு பெத்தேன். போய் வண்டியக் கூப்பிடு.”