கிலோவுக்குப் பதினைந்து

திரையின் முதல் வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

நூற்றி எண்பத்தேழரை.

இருக்க வேண்டியது பதினைந்து. உடல் எடையில் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. அதற்கு மேல் போனால் சிறுநீரகம் தாங்காது என்று மருந்தகத்தின் தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவர் கேட்டது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையல்ல. குழந்தைகள் வார்டில் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொள்ளும் எல்லாருக்கும் மருந்தின் அளவை எடையால் வகுக்க வேண்டும். வந்த விடையை, அட்டவணையில் இல்லாத ஒரு புது நெடுவரிசையாகக் காட்ட வேண்டும். பெரிய எண் மேலே, சிறிய எண் கீழே.

தரவுத்தளத்திடம் கேட்கும் நாலு வரிக் கேள்வி, ஒரு குவெரி. வரிசைப்படுத்தச் சொல்லும் ‘ஆர்டர் பை’யோடு முடித்து ஓட்டிவிட்டு, டீயை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எடை 3.2 கிலோ. மருந்து 600 மில்லிகிராம்.

மூன்று கிலோக் குழந்தைக்கு அறுநூறா!

வார்டுக்கு ஃபோன் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடியும் போட்டாள். எங்கேஜ்டு. கட்டில் எண்ணை உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு, மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

வேலை ஆஸ்பத்திரியில்தான் என்றாலும் வார்டுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. கம்ப்யூட்டர் அறை, கேன்டீன், வீடு. நோயாளிகள் எல்லாரும் அவளுக்கு வரிகள்தான்.

உள்ளங்கையில் இருந்த எண்ணைத் தேடிப் போய் நின்றால், அந்தக் கட்டில் நிறைய ஒரு பத்து வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். அப்பாவோடு சீட்டாட்டம். அப்பா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருடைய சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூச்சிரைக்க அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நர்ஸ் அவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“மூணு கிலோவா? இவன் ஒரு காலே அதுக்கு மேல வரும் மேடம்! நாற்பத்தொண்ணு இவன். டைப் பண்ணும்போது கை தவறியிருக்கும். மருந்து சரியாத்தான் போகுது.”

அறுநூறை நாற்பத்தொன்றால் மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்தாள். பதினைந்துக்குச் சற்றுக் கீழே.

போன உயிர் திரும்பி வந்தது. பையன் அப்பாவிடம் பெருமையாக, “நான் மூணு கிலோவாம்ப்பா!” என்றபோது அவளும் சிரித்துவிட்டாள்.

அதே சிரிப்போடு படியேறினாள்.

பாதிப் படியில் கால் நின்றது.

நாற்பத்தொன்று என்று அடிக்கும்போது கை தவறினால் பதினான்கு வரும். நாலு புள்ளி ஒன்று வரும். நானூற்றிப் பத்துகூட வரும். மூன்று புள்ளி இரண்டு எப்படி வரும்?

அது கை தவறிய எண் இல்லை. யாரோ ஒருவருடைய எடை.

அப்படியென்றால் இவனுடைய நாற்பத்தொன்று யார் தலையில் ஏறியிருக்கிறது?

இந்தத் தடவை ஓடியபோது செருப்பு எங்கே கழன்றது என்றே அவளுக்குத் தெரியாது.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். காலையில்தான் வந்து சேர்ந்த ஒரு பச்சைக் குழந்தை, அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் குட்டிக் கையில் டியூப். டியூபில் ஊசி மருந்து பொருத்தியாயிற்று. நர்ஸின் கட்டைவிரல் மேலே இருந்தது.

“சிஸ்டர், அழுத்தாதீங்க! அந்தக் குழந்தை எத்தனை கிலோ?”

கட்டைவிரல் நின்றது.

நர்ஸ் குழந்தையின் மருந்துச் சீட்டைப் பார்த்தார். நாற்பத்தொன்று. குழந்தையைப் பார்த்தார். கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அதை மெல்லக் கழற்றித் தட்டில் வைத்தார்.

காலையில் பையனையும் குழந்தையையும் அடுத்தடுத்து எடை போட்டவர் அவர்தான். ஒருவர் எடையை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டார். பையனுக்குப் பழைய மருந்துச் சீட்டுப்படியே மருந்து போய்க்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கோ, ஏறிய எடையை வைத்து மென்பொருளே அளவைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

“என்னாச்சு சிஸ்டர்?” என்று குழந்தையின் அம்மா எழுந்துவிட்டாள்.

நர்ஸ் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். “எடை மாறிப்போச்சும்மா. தப்பு என்மேலதான். மருந்து அதிகமா போயிருக்கும். போகல. ஒரு சொட்டுகூடப் போகல.”

அம்மா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அது கண்ணைத் திறக்காமலே நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

அந்தக் கொட்டாவியில்தான் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

டாக்டர் வந்து, எடையைத் திருத்தி, புது அளவு எழுதினார். நாற்பத்தெட்டு. அந்தத் துளி மருந்து உள்ளே போய் முடியும்வரை அவள் கட்டிலோரம் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

தன் இடத்துக்குத் திரும்பியபோது பழைய பட்டியல் திரையில் அப்படியே இருந்தது. உச்சியில் அதே நூற்றி எண்பத்தேழரை, எந்தப் பாவமும் அறியாத எண்.

குழந்தையின் கட்டில் எண் இப்போது அவளுக்கு மனப்பாடம். அதைத் தேடினாள். மேலே இல்லை. இறங்கிக்கொண்டே போனாள்.

பட்டியலின் நட்டநடுவில் இருந்தது. எடை 41. மருந்து 615.

கடைசி நெடுவரிசையில், இம்மி பிசகாமல், பதினைந்து.